தண்ணீர் பிடிக்க மதுரைக்கு

மதுரைக்குப் போகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போவார்கள். நான் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

மூணாறு பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் தூள் சலிக்கிற வேலை எனக்கு. என் தங்கை பேச்சியம்மாள் போன் செய்தபோது மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து சாரலில் நின்றுகொண்டு கேட்டேன்.

"அண்ணே, ஒரு பத்து நாளைக்கு வந்து தண்ணிக்கு நில்லுண்ணே. எங்க பிளாக்குக்குக் குழாய் போடலாமான்னு பாக்க ஆபீசருங்க வாராகளாம். பாத்துட்டா போட்டுருவாக. அதுவரைக்கும் நீ நில்லு. இல்லைன்னா கவிதாவத்தான் நிறுத்தணும்" என்றாள்.

கவிதா அவள் ஒரே மகள். பத்தாவது படிக்கிறாள். மச்சான் இறந்து நான்கு வருடம் ஆகிறது. தண்ணீருக்காகப் போன மாதம் மட்டும் கவிதா நான்கு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லையாம். இனி ஒரு நாள் நின்றாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்களாம். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவன். பேச்சி அதுவும் இல்லை. பத்து நாள் லீவு கேட்டேன். சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தார்.

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வெயில் சட்டைக்குள் கை விட்டது போல இருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். எதிரே இருந்த கடையில் நான்கு இட்லி கேட்டேன். இலையில் இட்லியைவிடச் சட்னிதான் அதிகம். வெள்ளை, சிவப்பு, பச்சை, அதற்கு மேல் சாம்பார். எங்கள் மலையில் ஒரே சட்னிதான், அதையும் கேட்டால்தான் ஊற்றுவார்கள். டீயும் குடித்துப் பார்த்தேன். தூள் மட்டம், பால் நல்ல பால். பரிமாறியவர், "என்னண்ணே, டீயை இப்படி மோந்து பாக்குறீங்க? விஷமா வச்சிருக்கோம்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாகப் போய், மீதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

தங்கை வீட்டுக்குப் போகும் டவுன் பஸ் விளாங்குடியில் பஞ்சராகி நின்றது. முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவர்களுக்கு டிக்கெட் இலவசம். ஓட்டுநர் சாலையோரம் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டார். "ஓசி டிக்கெட்டுக்கு ஓடுற வண்டி இம்புட்டுத்தான் ஓடும்" என்று ஒரு ஆள் பின்னாலிருந்து சொன்னார். முன்னால் நின்ற ஒரு அக்கா திரும்பாமலே, "நீங்க காசு குடுத்துத்தானே ஏறுனீங்க? உங்கள மட்டும் தூக்கிட்டுப் போயிருச்சா?" என்றார்.

மாற்று பஸ் வந்து, கண்மாயைத் தாண்டி, கருவேலங்காட்டு நடுவில் இறக்கிவிட்டபோது இருட்டப் போகிற நேரம். பொட்டல் வெளியில் வரிசையாக மூன்று மாடிக் கட்டடங்கள். சுவரில் பெயிண்ட் புதிதாக இருந்தது. சுற்றிக் கடை இல்லை, மருந்துக் கடை இல்லை. ஒரே ஒரு டீக்கடை, அதுவும் தகரத்தில்.

"முன்னாடி வண்டியூர்ல வாய்க்கா ஓரம் இருந்தோம்ல, அது தகர வீடு. மழை வந்தா உள்ள வரும். ஆனா தெருக் குழாய் இருந்துச்சு, வேலைக்கு நடந்தே போயிருவேன்" என்றாள் பேச்சி. "இப்ப கவர்மெண்டு குடுத்த வீடு கான்கிரீட்டு. மத்தது ஒண்ணும் இல்ல."

வீட்டுக்குள் மூன்று இடத்தில் குழாய் இருந்தது. சமையலறையில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, கழிப்பறையில் ஒன்று. மூன்றும் பளபளவென்று இருந்தன. ஒன்றைத் திறந்து பார்த்தேன். காற்றுகூட வரவில்லை. கவிதா, "மாமா, அது தெறப்பு விழா போட்டோவுக்கு" என்றாள்.

மறுநாள் காலை வரிசையில் நின்றேன். ஒன்றுவிட்டு ஒரு நாள் லாரி வரும். ஆறு மணிக்கு மேல் எட்டு மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். நகரத்துக்குப் போகிற பஸ் ஆறேகாலுக்கு. அதை விட்டால் எட்டரைக்குத்தான். பேச்சி கே.கே. நகரில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். கவிதாவின் பள்ளிக்கூடமும் பழைய இடத்துப் பக்கம்தான். இரண்டு பேரும் ஆறேகால் பஸ்ஸில் போனால்தான் உண்டு. லாரி வரும்போது ஆள் நின்றால்தான் தண்ணீர். குடத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனால் காலால் தள்ளிவிடுவார்கள். வீட்டுக்கு ஆறு குடம்.

வரிசையில் நான் ஒருவன்தான் ஆண். தலையைக் குனிந்துகொண்டு குடங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு ராசாத்தி அக்கா கட்டை குட்டையாக, வெற்றிலை போட்ட வாயோடு வந்து நின்றார். "இவரு யாருடி? புதுசா இருக்காரு" என்றார். யாரோ, "பேச்சியோட அண்ணன். மலையில இருந்து வந்திருக்காரு" என்றார்கள். "மலையில அருவி கொட்டுது, அத விட்டுட்டு இங்க வந்து குடத்தோட நிக்குறாரு பாரு! அண்ணே, அங்க எதுவும் தப்புத் தண்டா பண்ணிட்டு ஓடி வந்துட்டீங்களா?" வரிசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து எனக்கு மலை அண்ணன் என்று பெயர்.

ஆறு குடத்தையும் மூன்றாவது மாடிக்கு ஏற்றி முடித்தபோது சட்டையைப் பிழியலாம் போல இருந்தது. எஸ்டேட்டில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் ஓடையிலிருந்து கறுப்பு ஓஸ் ஒன்று வருகிறது. இரவும் பகலும் ஊற்றிக்கொண்டே இருக்கும். அதை மூட வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

லாரி வராத நாளில் பேச்சியோடு கே.கே. நகருக்குப் போனேன். காய்கறிப் பை தூக்க ஆள் வேண்டும் என்றாள். காய்கறி வாங்கப் போன வழியில் தெப்பக்குளத்தைப் பார்த்தேன். கரைவரை தண்ணீர் நிறைந்து, நடு மண்டபம் அதில் மிதப்பது போல இருந்தது. படியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். பேச்சி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கே.கே. நகரில் ஒரு வீட்டு வாசலில் ஓட்டுநர் ஒருவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். ஓஸிலிருந்து வந்த தண்ணீர் தெருவில் ஓடி, முனையில் தேங்கி, அதில் ஒரு நாய் படுத்திருந்தது. பேச்சி வேலை பார்க்கும் வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற டீச்சரம்மா. நல்ல மாதிரி பேசினார். எனக்குக் காகித டம்ளரில் காபி வந்தது. பேச்சிக்கு ஜன்னல் ஓரம் தனியாக இருந்த எவர்சில்வர் டம்ளரில். "எனக்குன்னு அவுகளே வாங்கி வச்சது" என்றாள் மெதுவாக.

"உங்களுக்கெல்லாம் மாடி வீடு குடுத்துட்டாங்களே. இப்ப வசதிதானே பேச்சி?" என்று கேட்டார் டீச்சரம்மா.

"ஆமாம்மா."

"அப்புறம் ஏன் லேட்டா வர? நானும் எத்தனை தடவை சொல்றது? இன்னொரு நாள் லேட்டுன்னா நான் வேற ஆள் பாத்துக்குவேன். கோவிச்சுக்காத."

"இனிமே லேட்டாகாதும்மா" என்றாள் பேச்சி. தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே வந்ததும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒருத்தர் வீட்டுல நின்னுக்கிட்டு நம்ம வீட்டுக் குறையச் சொல்றதா? நல்லா இருக்குமாண்ணே?" என்றாள். எனக்கு அது சரி என்றுதான் பட்டது. ஏற்கெனவே இரண்டு வீட்டு வேலை இப்படித்தான் போயிற்றாம்.

அடுத்த லாரி நாளில் செய்தி வந்தது. கவுன்சிலரிடம் இருக்கும் வார்டுக்காரர் ஒருவர் பைக்கில் வந்து சொன்னார். நகரத்தில் இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் குறைக்கப் பெரிய திட்டம் ஒன்று வந்திருக்கிறதாம். எந்தக் குடியிருப்புக்கு முதலில் குழாயில் தண்ணீர் என்று முடிவு செய்ய வியாழக்கிழமை ஒரு குழு வருகிறதாம்.

அன்று சாயங்காலம் படிக்கட்டில் எல்லாரும் கூடினார்கள். ராசாத்தி அக்காதான் பேசினார். "வாரது பெரிய ஆளுக. மூக்கப் பொத்திக்கிட்டுப் போற மாதிரி வைக்கக் கூடாது. படியெல்லாம் கழுவணும். வாசல்ல கோலம் போடணும். நம்மள வாய்க்கா ஓரத்து ஆளுகன்னு ஏளனமாப் பேசுனாகள்ல, பாத்துட்டுப் போகட்டும்."

எதிர் வீட்டில் சரோஜாம்மா என்று ஒருவர். வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிறவர். கைத்தறி வேலை நின்றபின் இங்கே வந்தவர். "நான் புளியோதரை கிளறித் தரேன்" என்றார். டீ என் பொறுப்பு என்று நானே சொன்னேன். வாயைத் திறந்து அவ்வளவு பேர் முன்னால் நான் சொன்னது அது ஒன்றுதான். வரும்போது நல்ல தூள் ஒரு பாக்கெட் கொண்டு வந்திருந்தேன்.

கழுவத் தண்ணீர் எங்கே? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு லாரித் தண்ணீரை, குடிக்கவும் சமைக்கவும் தவிர, யாரும் தொடவில்லை. மூன்று நாள் பிளாக்கில் ஒருவர்கூடக் குளிக்கவில்லை. கவிதா ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். "பக்கத்துல உக்கார்றவ தள்ளித் தள்ளிப் போறா மாமா" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பேச்சி மட்டும் கே.கே. நகரில் தோட்டத்துக் குழாயில் கால் கை கழுவிக்கொண்டாள்.

எஸ்டேட்டில் மேனேஜர் வரும்போது லயத்துக்கு வெள்ளையடிப்பார்கள். கங்காணி விரட்டுவார், நாங்கள் திட்டிக்கொண்டே அடிப்போம். இங்கே யாரும் விரட்டவில்லை. அவர்களாகவே ஆசையாகச் செய்தார்கள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. புதன்கிழமை நானும் மூன்று மாடிப் படியையும் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினேன். வீட்டுக்கு வீடு டிரம்மை விளக்கி, மிச்சத் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி வைத்தோம். டீக்கு மட்டும் டீக்கடையில் சொல்லிக் கேன் தண்ணீர் வாங்கினேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஐந்து பேர் வந்தார்கள். லீவு சொல்ல முடிந்தவர்கள் எல்லாரும் நல்ல சேலை கட்டி நின்றார்கள். பேச்சியால் முடியவில்லை, வேலைக்குப் போயிருந்தாள். குழுவுக்குத் தலைமை ஒரு மேடம். நடுவயது, கண்ணாடி போட்டவர், அதட்டாமல் பேசினார். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தார். அதிலேயே எல்லாரும் உருகிவிட்டார்கள்.

"குழாய்ல தண்ணி வராது மேடம். லாரிதான்" என்றார் ராசாத்தி அக்கா.

"லாரி ஒழுங்கா வருதா?"

"வரும் மேடம். ஒருநாள் விட்டு ஒருநாள். வேலைக்குப் போற நேரத்துல வரும், அதான் கஷ்டம்."

கூட வந்த இளைஞர் ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்து டிரம்களைப் போட்டோ எடுத்தார். எல்லாம் விளிம்புவரை தளும்பின. சரோஜாம்மா புளியோதரையை வாழை இலையில் வைத்துக் கொடுத்தார். அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் நான் சொம்பில் தண்ணீர் எடுத்து மேடம் கையில் ஊற்றினேன். தாராளமாக ஊற்றினேன். வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சொட்டுச் சொட்டாகவா ஊற்றுவது?

பிறகு டீ. மேடம் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார். "யார் போட்டது?" என்னைக் காட்டினார்கள். "பிரமாதம் அண்ணே. இன்னொரு டம்ளர் கிடைக்குமா? தண்ணி நல்லா இருந்தாத்தான் டீ இப்படி வரும். இங்க தண்ணி நல்லா இருக்கு" என்றார்.

என் காது சூடாகிவிட்டது. "ஆமாங்க மேடம்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து வார்டுக்காரர் பைக்கில் வந்தார். வண்டியை நிறுத்தாமல், காலை மட்டும் ஊன்றிக்கொண்டு சொன்னார். "நம்மது ரெண்டாவது லிஸ்ட்டுல போயிருச்சுக்கா. சுத்தமா இருக்கு, தண்ணி இருப்பு போதுமானதா இருக்குன்னு எழுதியிருக்காங்க."

"ரெண்டாவது லிஸ்ட்டு எப்ப?" என்றார் ராசாத்தி அக்கா.

"மொதல்ல உள்ளது முடியட்டும்."

"மொதல்ல யாரு?"

கண்மாய்க்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பின் பெயரைச் சொன்னார். "அங்க உக்காரச் சேர்கூடப் போடல. ஒரே சத்தம். குப்பை நாத்தத்துல ஒரு சார் வாந்தியே எடுத்துட்டாரு."

அவர் பைக்கில் போய்விட்டார். அப்புறம் ஒருத்தி, "எவடி படியக் கழுவச் சொன்னது?" என்று ஆரம்பித்தாள். இன்னொருத்தி, "கோலம் போட்டவ நீதானே" என்றாள். ராசாத்தி அக்கா கையை உயர்த்தி, "விடுங்கடி. மலை அண்ணன் டீதான் கெடுத்துருச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பாதிச் சிரிப்பில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, "சும்மா சொன்னேண்ணே" என்றார்.

இரவு பேச்சி சாப்பாடு போட்டாள். "அந்த மேடத்துக்கிட்ட நான் ஆமான்னு சொல்லிட்டேன் பேச்சி" என்றேன். "வேற என்னண்ணே சொல்றது? நானா இருந்தாலும் அதான் சொல்லிருப்பேன்" என்றாள். குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவள் திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

திங்கட்கிழமை லாரி வர வேண்டிய நாள். ஒன்பது மணிவரை நின்றேன், வரவில்லை. நேராக அந்த மேடத்தின் ஆபீஸுக்குப் போனேன். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பெஞ்சில் மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். மேடம் வந்தார், என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "டீ அண்ணன் தானே? வாங்க" என்றார்.

சொல்லிவிட்டேன். கோர்வையாக வரவில்லை. மூன்று நாள் குளிக்காததை, டிரம்மை நிரப்பியதை, டீத் தண்ணீர் கடையில் வாங்கியதை, என் தங்கை மகள் பள்ளிக்கூடத்தை, எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"வீட்டுக்கு வந்தவங்ககிட்ட எப்படிங்க மேடம் சொல்றது?"

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். ஒரு தாளை எடுத்து, "மனுவா எழுதிக்கலாம். லிஸ்ட் மேல போயிருச்சு, ஆனாலும் அனுப்பிப் பாக்கலாம். உங்க அட்ரஸ் சொல்லுங்க" என்றார். சொன்னேன். பேனா நின்றது. "நீங்க கேரளாவா? அந்தக் குடியிருப்புல இருக்கிறவங்கதான் மனு குடுக்கணும் அண்ணே. உங்க தங்கச்சிய வரச் சொல்லுங்க. பத்து மணியில இருந்து அஞ்சு மணிவரை இருப்பேன்."

பத்திலிருந்து ஐந்துவரை என் தங்கை கே.கே. நகரில் இருப்பாள். அதை அவரிடம் சொன்னேன். "ஒரு நாள் லீவு போட்டு வரலாமே" என்றார், நல்ல மனதோடுதான். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் நான் கிளம்ப வேண்டும். லீவு முடிந்தது. புதன்கிழமை ஷிப்டுக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சூப்பர்வைசர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். வீட்டில் ஒரு குடம் தண்ணீர்தான் மிச்சம். அதில் கவிதா பல் துலக்கினாள், பேச்சி உலை வைத்தாள். நான் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டேன்.

ஆறேகால் பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினோம். அவர்கள் முன் வாசலில், நான் பின் வாசலில். கண்டக்டர் முன்னால் டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்தார். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். அப்போது எதிரே புழுதியைக் கிளப்பிக்கொண்டு தண்ணீர் லாரி திரும்பியது. நேற்று வர வேண்டியது.

"நிறுத்துங்கண்ணே!" என்றது கவிதாவின் குரல்.

பேச்சி எழுந்துவிட்டாள். கவிதா அவள் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தாள். "நீ போம்மா. இன்னைக்கும் லேட்டானா அந்தம்மா விடாது" என்றாள். புத்தகப் பையோடு படியில் இறங்கினாள். நானும் எழுந்தேன். அவள் கீழே நின்று ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "உக்காரு மாமா. மலைக்குப் போற பஸ் போயிரும்" என்றாள். எழுந்தவன் இறங்கவில்லை. இன்றைக்கு நான் இறங்கலாம். வியாழக்கிழமை யார் இறங்குவது என்று அந்த ஒரு நொடியில் நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சீருடையோடு ஓடினாள். ராசாத்தி அக்கா தன் குடங்களைக் காலால் நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்.

"முன்னாடி ரெண்டு லேடீஸுக்குக் கிழிச்சேனே, இன்னொருத்தங்க எங்க?" என்றார் கண்டக்டர். நான் ஆரப்பாளையத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன்.

பேச்சி திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆரப்பாளையத்தில் இறங்கி, முன் ஜன்னல் பக்கம் போய், "வாரேன் பேச்சி" என்றேன். தலையை ஆட்டினாள். மடியில் அவள் கை மூடியிருந்தது. விரல் இடுக்கில் இரண்டு இலவச டிக்கெட்டும் கசங்காமல் அப்படியே இருந்தன.